ஹார்ட் டிஸ்கைத் துடைத்தாயிற்று, சிஸ்டம் பூட் ஆகவில்லை: எங்கிருந்து ஆரம்பிப்பது?

"ஹார்ட் டிஸ்கை முழுசா அழிச்சுட்டேன், இப்போ சிஸ்டம் ஆன் ஆகல" என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஆன் ஆகவில்லையா, பூட் ஆகவில்லையா (அதாவது ஆன் ஆன பிறகு விண்டோஸ் மாதிரியான ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஏறவில்லையா)? நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே வார்த்தையைத்தான் புழங்குகிறோம், ஆனால் இரண்டும் வேறு வேறு கோளாறு. பவர் பட்டனை அழுத்தியதும் விளக்கு எரிந்து, ஃபேன் சுற்றி, கம்பெனி லோகோ வந்து, அப்புறம் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ திட்டுகிறது என்றால் உங்கள் கணினி ஆன் ஆகிவிட்டது. ஓட்டுவதற்குத்தான் அதனிடம் ஒன்றும் இல்லை. டிஸ்கில் இருந்த விண்டோஸையும் சேர்த்துத்தானே அழித்தீர்கள்?

விளக்கே எரியவில்லை, அல்லது விளக்கு எரிந்தும் திரை இருட்டாகவே கிடக்கிறது, பீப் பீப் என்று சத்தம் மட்டும் வருகிறது என்றால் அது டிஸ்கைத் துடைத்ததால் வந்த வினை அல்ல. சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடுவது விண்டோஸ் இல்லை. எல்லாப் பாகங்களும் செருகியிருக்கும் பலகையான மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன சிப்புக்குள் குடியிருக்கிற நிரல்தான் முதலில் விழிக்கிறது. பழைய கணினிகளில் அதற்கு பயாஸ் என்று பெயர், கடந்த பத்துப் பதினைந்து வருடக் கணினிகளில் யூஈஎஃப்ஐ. பேச்சுவழக்கில் எல்லோரும் இன்னும் பயாஸ் என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். அந்தச் சிப்புக்கும் டிஸ்குக்கும் சம்பந்தமே கிடையாது. டிஸ்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஆன் செய்தாலும் லோகோ வரத்தான் வேண்டும். வரவில்லை என்றால், டிஸ்கை மாட்டுவதற்காகக் கேபினெட்டைத் திறந்தபோது ராம் (நினைவகப் பட்டை) லேசாக நகர்ந்திருக்கலாம், மானிட்டர் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ராமைக் கழற்றி 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டிப் பாருங்கள். லோகோ வந்த பிறகு மீதியைப் படிக்கலாம்.

திரையில் என்ன எழுதியிருக்கிறது?

அவசரத்தில் நாம் படிக்காமல் விடுவது இதைத்தான். மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சில செய்திகள் இரண்டு வினாடி கூட நிற்காது.

"நோ பூட்டபிள் டிவைஸ்", "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்", "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்", எச்பி கணினிகளில் 3எஃப்0 என்ற எண்ணோடு வரும் "பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்" எல்லாமே ஒரே சேதியைத்தான் சொல்கின்றன. தேடினேன், ஓட்டுவதற்கு எதுவும் கிடைக்கவில்லை. டிஸ்கை முழுக்க அழித்தவருக்கு இது எதிர்பார்த்த பதில்தான், பிழைச்செய்தி என்றுகூட நான் சொல்ல மாட்டேன். சில கணினிகள் எதுவுமே சொல்லாமல் நேராக பயாஸ் திரைக்குள் போய் நின்றுகொள்ளும், எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அங்கேயே வந்து நிற்கும். அதற்கும் அர்த்தம் இதேதான்.

பலரைக் குழப்புவது இன்னொன்று. "பிஎக்ஸ்இ-இ61, மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்" என்று ஒரு வரி வரும். "கேபிளைப் பார்" என்றதும் கேபினெட்டைத் திறந்து டிஸ்க் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டியவர்கள் எத்தனையோ பேர், அதில் நானும் ஒருவன். அது சொல்வது நெட்வொர்க் கேபிளை. டிஸ்கில் ஒன்றும் கிடைக்காததால் கணினி அடுத்தபடியாக நெட்வொர்க் வழியாக பூட் ஆக முடியுமா என்று பார்க்கிறது, அங்கே கேபிள் செருகப்படவில்லை என்று புலம்புகிறது. வீட்டுக் கணினியில் அந்த வழியை யாரும் பயன்படுத்துவதில்லை, கண்டுகொள்ளாமல் விடுங்கள்.

"பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்றோ, "க்ரப் ரெஸ்க்யூ" என்று ஒரு கர்சரோ வந்தால் (முன்னது விண்டோஸின், பின்னது லினக்ஸ் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பூட் நிரலைச் சேர்ந்தது) கதை கொஞ்சம் மாறுகிறது. அப்படிச் சொல்வதற்குக்கூட டிஸ்கில் எங்கோ நாலு வரி நிரல் மிச்சமிருந்தாக வேண்டும். டிஸ்கை பார்ட்டிஷன்களாக, அதாவது பகுதிகளாகப் பிரித்துக் குறிக்கும் பழைய எம்பிஆர் முறையில் டிஸ்கின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட் பூட் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் 'இது பூட் ஆகும் டிஸ்க்' என்ற முத்திரைக்கு. நிஜமாகவே முழுக்கத் துடைத்த டிஸ்கில் இந்த 512-உம் பூஜ்யமாகத்தான் இருக்கும், அது வாயே திறக்காது. ஆக, இந்தச் செய்தி வருகிறது என்றால் நீங்கள் அழித்தது ஒரு பார்ட்டிஷனை மட்டும், டிஸ்கை அல்ல. அல்லது அழித்தது வேறு டிஸ்கை. டிஸ்கை விற்கவோ கொடுக்கவோதான் துடைத்தீர்கள் என்றால் வேலை இன்னும் முடியவில்லை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரே பத்தி. இன்டெல் மேக்கில் கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் மின்னினால் ஆப்ஷன், கமாண்ட், ஆர் மூன்றையும் சேர்த்துப் பிடித்தபடி ஆன் செய்யுங்கள், இணையம் வழியாக ரிக்கவரி (மீட்பு நிரல்) இறங்கும். ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் பவர் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் ரிக்கவரி வரும். உள் டிஸ்கை ரிக்கவரியோடு சேர்த்து அழித்துவிட்டீர்கள் என்றால் இன்னொரு மேக்கை கேபிளால் இணைத்து, ஆப்பிள் கான்ஃபிகரேட்டர் மூலம் ரீஸ்டோர் செய்ய வேண்டியிருக்கும். இனி எழுதுவது விண்டோஸ், லினக்ஸ் கணினிகளுக்கு.

பயாஸுக்குள் போய் டிஸ்கைத் தேடுங்கள்

ஆன் செய்த கையோடு எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். அழுத்திப் பிடிக்க வேண்டாம், தட்டுங்கள். எச்பியில் எஃப்10, அல்லது எஸ்கேப் தட்டினால் ஒரு பட்டியல் வரும். விசைக்கு மசியவில்லை என்றால் கீபோர்டை யூஎஸ்பி 2 போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். ஒயர்லெஸ் கீபோர்டு சிலசமயம் இந்தக் கட்டத்தில் உயிரோடு இருப்பதில்லை.

உள்ளே ஸ்டோரேஜ், சாட்டா, என்விஎம்இ (பின்னிரண்டும் டிஸ்கை இணைக்கும் முறைகள்) என்ற பெயர்களில் ஏதாவது ஒரு பக்கத்தில் இணைக்கப்பட்ட டிஸ்குகளின் பட்டியல் இருக்கும். உங்கள் டிஸ்கின் மாடல் எண் அங்கே தெரிகிறதா? தெரிந்தால் நல்லது, அடுத்த பகுதிக்குப் போகலாம். பூட் பட்டியலில் தேடாதீர்கள், அது வேறு. சில கணினிகளில் டிஸ்க் காலியான பிறகும் பூட் பட்டியலில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். அது மதர்போர்டின் நினைவில் தங்கிப்போன பழைய முகவரி, அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.

டிஸ்க் தெரியவே இல்லை என்றால் டெஸ்க்டாப்பில் சாட்டா கேபிளை மாற்றி, போர்ட்டை மாற்றி, பவர் கேபிளையும் வேறொன்றாக மாற்றிப் பாருங்கள். எம்.2 ஸ்லாட்டில் (சின்னப் பட்டை வடிவ டிஸ்க் செருகும் இடம்) எதையாவது புதிதாகச் செருகியிருந்தால் அதையும் சந்தேகப்படலாம், சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் குறிப்பிட்ட சாட்டா போர்ட் வேலை செய்யாது. இதெல்லாம் செய்தும் தெரியவில்லை, அதற்குமேல் டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வேறு வருகிறது என்றால் டிஸ்க் போய்விட்டது. வயதான டிஸ்கின் ஒவ்வொரு மூலையிலும் மணிக்கணக்காக எழுதித் துடைக்கும்போது, ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது விழுந்துவிடுவது உண்டு. ஒரு டிபி (டெராபைட்) டிஸ்கை ஒருமுறை பூஜ்யத்தால் நிரப்பவே இரண்டு மணி நேரம் போல ஆகும், ஏழு சுற்று, முப்பத்தைந்து சுற்று என்று ஓட்டியவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இன்றைய டிஸ்குகளுக்கு ஒரு சுற்றே போதும், மீதியெல்லாம் கரண்டுக்குக் கேடு.

எஸ்எஸ்டியை (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்), டிஸ்கே தன்னை அழித்துக்கொள்ளும் செக்யூர் எரேஸ் கட்டளையால் அழித்தவர்கள் வேறு ஒரு சிக்கலில் மாட்டலாம். அந்தக் கட்டளையைக் கொடுக்கும் முன் டிஸ்குக்கு ஒரு தற்காலிக பாஸ்வேர்டு வைக்க வேண்டும், வேலை முடிந்ததும் அது தானாகப் போய்விடும். பாதியில் கரண்ட் போனாலோ பொறுமையிழந்து ஆஃப் செய்தாலோ பாஸ்வேர்டு அப்படியே தங்கி, டிஸ்க் பூட்டிக்கொண்டு நிற்கும். பயந்துவிடாதீர்கள். அன்றைக்கு என்ன பாஸ்வேர்டு கொடுத்தீர்களோ அதே பாஸ்வேர்டைக் கொண்டு, ஒரு லைவ் லினக்ஸில் (டிஸ்கில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடுவது) எச்டிபார்ம் என்ற கருவியால் பூட்டைத் திறக்கலாம், அல்லது அழிக்கும் வேலையை மறுபடி ஓட்டி முடிக்கலாம். அதை எழுதி வைத்த காகிதத்தைத் தேடி எடுங்கள்.

துடைப்பதற்காக எதையெல்லாம் மாற்றினீர்கள்?

என் அனுபவத்தில் பாதிப் பேருக்குப் பிரச்சினை டிஸ்கில் இருப்பதில்லை. டிஸ்கைத் துடைப்பதற்கு வசதியாக பயாஸில் எதையோ மாற்றிவிட்டு மறந்துபோனதில்தான் இருக்கிறது.

டிபேன் என்ற பழைய அழிப்பான் இன்றும் பலர் கையில் இருக்கிறது. அதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது, யூஈஎஃப்ஐ முறையில் அது பூட் ஆகாது. அதனால் அதை ஓட்டுவதற்காக செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பமுள்ள நிரலை மட்டும் பூட் ஆக விடும் காவல்) அணைப்போம், லெகசி என்ற பழைய முறைக்கு மாற்றுவோம், டிஸ்க் அதன் கண்ணில் படவில்லை என்றால் சாட்டா மோடையும் (டிஸ்கோடு கணினி பேசும் முறை) பழைய ஐடிஈ ஆக்கிப் பார்ப்போம். நான் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் மூன்றையும் செய்தேன். டிஸ்க் சுத்தமாக அழிந்தது, எனக்கும் திருப்தி. அப்புறம் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைச் செருகினால் பூட் மெனுவில் (எதிலிருந்து பூட் ஆவது என்று கேட்கும் பட்டியல்) அந்தப் பெயரே வரவில்லை. பென்டிரைவைக் குறை சொன்னேன், இரண்டு முறை புதிதாக எழுதினேன், வேறு பென்டிரைவ் கடன் வாங்கினேன், இரண்டு மாலை போயிற்று. பென்டிரைவ் யூஈஎஃப்ஐக்கு மட்டும் தயாரிக்கப்பட்டது, கணினியோ நான் மாற்றி வைத்த லெகசி முறையில் உட்கார்ந்திருந்தது. பேசும் மொழியே வேறு.

அதனால் பயாஸுக்குள் இருக்கும்போதே "லோட் டிஃபால்ட்ஸ்" என்ற மாதிரி ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் எஃப்9 அல்லது எஃப்5, அதைக் கொடுங்கள். பிறகு கண்ணால் மூன்றை மட்டும் சரிபாருங்கள். பூட் மோட் யூஈஎஃப்ஐ என்று இருக்க வேண்டும். சாட்டா மோட் ஏஎச்சிஐ என்று இருக்க வேண்டும். ஃபாஸ்ட் பூட் ஆஃப் ஆக இருந்தால் பென்டிரைவைக் கண்டுகொள்ளும். செக்யூர் பூட் ஆனிலேயே இருக்கட்டும். விண்டோஸ் பென்டிரைவும் உபுண்டு, மின்ட், ஃபெடோரா போன்றவையும் அதோடு ஒத்துப்போகும், "செக்யூர் பூட் வயலேஷன்" என்று வந்தால் மட்டும் தற்காலிகமாக அணைத்துக்கொள்ளுங்கள். சேமித்து வெளியே வாருங்கள், பொதுவாக எஃப்10.

அதே கணினியில் விண்டோஸ் உயிரோடு இருக்கும் இன்னொரு டிஸ்க் உண்டா? அப்படியானால் இந்த மாற்றங்களைக் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். சாட்டா மோடை மாற்றினால் பழைய விண்டோஸ் நீலத்திரை காட்டலாம். செக்யூர் பூட்டைத் தொட்டால் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்க ரிக்கவரி கீயைக் கேட்டு நிற்கலாம். முழுக்கக் காலியான கணினியில் இந்தக் கவலை இல்லை, அழிப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

இன்னொரு சின்ன விஷயம். மாற்றிச் சேமித்த அமைப்பு மறுநாள் பழையபடியே இருக்கிறது, தேதி வேறு பல வருடம் பின்னால் காட்டுகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அதை மாற்றாமல் மேலே போகாதீர்கள். தேதி தவறாக இருந்தால் பின்னால் இணையதளங்களும் ஆக்டிவேஷனும்கூடத் தகராறு செய்யும்.

பென்டிரைவ் தயாரிப்பது

இதற்கு இன்னொரு கணினி வேண்டும், நண்பருடையதாக இருந்தாலும் சரி. ஆண்ட்ராய்டு போனிலிருந்து லினக்ஸ் பென்டிரைவ் எழுத எட்ச்டிராய்டு போன்ற செயலி உண்டு, விண்டோஸுக்கு அது உதவாது. சில லேப்டாப்களில் பயாஸிலேயே இணையம் வழியாக ரிக்கவரியை இறக்கும் வசதி இருக்கும், ஒருமுறை பார்த்துவிடுங்கள். முன்பு எஃப்11 தட்டினால் வந்துகொண்டிருந்த கம்பெனி ரிக்கவரியை மட்டும் தேடாதீர்கள், அது டிஸ்கில் ஒரு பார்ட்டிஷனாக இருந்தது, அதையும் சேர்த்துத்தான் துடைத்துவிட்டோம்.

எதை நிறுவுவது? விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், ஏற்றுக்கொள்ளப்பட்ட பிராசசர் பட்டியலில் இடம் எல்லாம் இருக்க வேண்டும். இல்லாத பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் போடுவதே மேல் என்பது என் கட்சி.

விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் தளத்தில் இருக்கும் மீடியா கிரியேஷன் டூலே போதும். குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவலுக்கான எல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி அப்படியே பென்டிரைவுக்குள் காப்பி செய்தால் பூட் ஆகாது. அதைத் திறந்து உள்ளே இருப்பதை இழுத்துப் போடலாம் என்றால், யூஈஎஃப்ஐ எதிர்பார்க்கும் ஃபேட்32 வடிவத்தில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு நுழையாது, விண்டோஸின் முக்கியமான இன்ஸ்டால் கோப்பு அந்த அளவைத் தாண்டியது. ரூஃபஸ் மாதிரி பென்டிரைவ் எழுதும் கருவி இந்தச் சிக்கலைத் தானே சமாளிக்கிறது. ரூஃபஸில் ஜிபிடி (எம்பிஆருக்குப் பதிலாக வந்த புதிய முறை), யூஈஎஃப்ஐ என்று தேர்ந்தெடுங்கள், ரொம்பப் பழைய கணினிக்கு மட்டும் எம்பிஆர்.

கையோடு இன்னொன்றும் செய்துவிடுங்கள். உங்கள் லேப்டாப் மாடலுக்கான வைஃபை டிரைவரையும் ஸ்டோரேஜ் டிரைவரையும் (அந்தந்தப் பாகத்தோடு விண்டோஸ் பேச உதவும் நிரல்கள்) தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கி அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஏன் என்று சற்று நேரத்தில் தெரியும்.

பிறகு பென்டிரைவைச் செருகி, ஆன் செய்து, பூட் மெனு விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோ, கிகாபைட்டில் எஃப்12. எச்பியில் எஃப்9. எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக்கில் எஃப்11. ஆசுஸ் டெஸ்க்டாப் போர்டில் எஃப்8, லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் பல மாடல்களில் அதை முதலில் பயாஸில் இயக்கிவிட வேண்டும். வரும் பட்டியலை உற்றுப் பாருங்கள். ஒரே பென்டிரைவின் பெயர் இரண்டு தடவை இருக்கலாம், ஒன்றின் முன்னால் யூஈஎஃப்ஐ என்று இருக்கும், இன்னொன்று மொட்டையாக இருக்கும். யூஈஎஃப்ஐ என்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மொட்டையானதைத் தொட்டாலும் இன்ஸ்டாலர் திறக்கும், ஆனால் பழைய முறையில் திறக்கும், அதன் விளைவு அரை மணி நேரம் கழித்துத்தான் தெரியும். விண்டோஸ் பென்டிரைவில் "பிரஸ் எனி கீ" என்று ஒரு வரி சில வினாடிகளே நிற்கும், அதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டாவிட்டால் மறுபடி "பூட் டிவைஸ் இல்லை" என்ற பழைய பாட்டுத்தான்.

பென்டிரைவே வரவில்லை என்றால் போர்ட்டை மாற்றுங்கள், ஹப் வழியாகச் செருகாதீர்கள், டெஸ்க்டாப்பில் பின்பக்கப் போர்ட்டே நம்பகமானது. சந்தேகம் தீரவில்லையா, அதே பென்டிரைவை வேலை செய்கிற வேறொரு கணினியில் பூட் செய்து பாருங்கள். அங்கே திறந்தால் குறை உங்கள் பயாஸ் அமைப்பில், திறக்காவிட்டால் பென்டிரைவில். ஐந்து நிமிட வேலை, நான் அந்த இரண்டு மாலைகளில் செய்யாமல் விட்டதும் இதுதான்.

இன்ஸ்டாலர் வருகிறது, டிஸ்க் வரவில்லை

"எங்கே நிறுவ வேண்டும்" என்று கேட்கும் பக்கத்தில் பட்டியல் வெறுமையாக இருந்தால், பயாஸில் டிஸ்க் தெரிந்ததை ஏற்கெனவே பார்த்துவிட்டதால் இது டிஸ்கின் குறை இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். 11-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்கள் வந்ததிலிருந்து விஎம்டி என்ற அமைப்பு டிஸ்குக்கும் இன்ஸ்டாலருக்கும் நடுவில் திரை போடுகிறது. "லோட் டிரைவர்" கொடுத்து, முன்பே எடுத்து வைத்த ஸ்டோரேஜ் டிரைவரின், அதாவது இன்டெல் ஆர்எஸ்டியின், ஃபோல்டரைக் காட்டுங்கள். செட்டப் கோப்பை அப்படியே காட்டினால் ஏற்காது, பிரித்தெடுத்த ஃபோல்டராக இருக்க வேண்டும். அல்லது பயாஸில் விஎம்டியை அணைத்துவிடலாம், டிஸ்க் காலியாக இருக்கும்போது அதில் ஆபத்தில்லை.

டிஸ்க் தெரிகிறது, ஆனால் "எம்பிஆர் பார்ட்டிஷன் இருக்கிறது, ஜிபிடியில்தான் நிறுவ முடியும்" என்று மறுக்கிறது என்றால் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்துங்கள், கட்டளை தட்டும் கறுப்பு ஜன்னல் திறக்கும். சில லேப்டாப்களில் எஃப்என் விசையையும் சேர்க்க வேண்டும். அதில் வரிசையாக இவற்றைக் கொடுங்கள், இங்கே உச்சரிப்பை எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்: முதலில் டிஸ்க்பார்ட். அது திறந்ததும் லிஸ்ட் டிஸ்க். வரும் பட்டியலில் எது உங்கள் டிஸ்க் என்பதை அளவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும், 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும் 500 ஜிபி டிஸ்க் 465 என்றும் காட்டும், கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று நினைக்க வேண்டாம், எண்ணும் முறை வேறு. பென்டிரைவும் அதே பட்டியலில் இருக்கும், ஜாக்கிரதை. பிறகு செலக்ட் டிஸ்க் 0, உங்கள் டிஸ்கின் எண் வேறாக இருந்தால் அந்த எண். அப்புறம் க்ளீன். இந்த ஒரு வார்த்தை 'நிச்சயமா?' என்று கேட்காமலே டிஸ்கின் பார்ட்டிஷன் எல்லாவற்றையும் எடுத்துவிடும், என்டர் தட்டும் முன் எண்ணை இன்னொரு முறை பாருங்கள். கடைசியாக கன்வெர்ட் ஜிபிடி. ஜன்னலை மூடி, டிஸ்க் பட்டியலை ரீஃப்ரெஷ் செய்து, காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட். தேவையான பார்ட்டிஷன்களை விண்டோஸே போட்டுக்கொள்ளும், நீங்கள் கையால் பிரிக்க வேண்டியதில்லை.

பாதியில் எழுத முடியாமல் நிற்கிறதா? லினக்ஸ் மின்டையோ உபுண்டுவையோ லைவ்வாக பூட் செய்து, அதில் டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்கின் உடல்நலக் கணக்கு) திறந்து பாருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்கில் ரீஅலகேட்டட் செக்டர், பென்டிங் செக்டர் (கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய இடங்களின் எண்ணிக்கை) இரண்டு வரிகளும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. நூற்றுக்கணக்கில் இருந்தால் புது டிஸ்க் வாங்குங்கள், அதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இரண்டு டிஸ்க் இருக்கும் கணினி

"விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியை நான் தொடவே இல்லை, பழைய ஹார்ட் டிஸ்கை மட்டும்தான் அழித்தேன், ஆனாலும் பூட் ஆகவில்லை." இப்படி வருகிறவர்கள் சத்தியம் செய்தாலும் யாரும் நம்புவதில்லை, பாவம், அவர்கள் சொல்வது உண்மை. விண்டோஸை நிறுவும்போது இரண்டு டிஸ்கும் மாட்டியிருந்தால், ஏற்கெனவே ஒரு டிஸ்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் கோப்புகள் வைக்கும் சின்னப் பகுதி) இருந்தால், இன்ஸ்டாலர் பூட் கோப்புகளை அதிலேயே வைத்துவிடும். 100 ஜிபி விண்டோஸ் புது எஸ்எஸ்டியில், அதைத் திறக்கும் சாவி பழைய ஹார்ட் டிஸ்கில். ஹார்ட் டிஸ்கைத் துடைத்ததும் சாவி போயிற்று, வீடு அப்படியே இருக்கிறது.

இதற்கு விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டியதில்லை. நிறுவல் பென்டிரைவில் பூட் செய்து கறுப்பு ஜன்னலுக்குப் போங்கள். டிஸ்க்பார்ட்டில் எஸ்எஸ்டியில் இருக்கும் விண்டோஸ் பார்ட்டிஷனை ஒரு 200 எம்பி சுருக்கி, அந்த இடத்தில் இஎஃப்ஐ வகை பார்ட்டிஷன் ஒன்று போட்டு, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, ஒரு எழுத்து கொடுங்கள், எஸ் என்று வைத்துக்கொள்வோம். வெளியே வந்து, பூட் கோப்புகளைப் புதிதாகப் போடும் பிசிடிபூட் கட்டளைக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: விண்டோஸ் ஃபோல்டர் எங்கே இருக்கிறது, பூட் கோப்புகளை எந்த எழுத்தில் வைக்க வேண்டும், வகை யூஈஎஃப்ஐ. கோப்புகளை அதுவே காப்பி செய்து பூட் பட்டியலிலும் பெயரைச் சேர்த்துவிடும். ஒரு கண்ணி இருக்கிறது. இந்தச் சூழலில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறும், உங்கள் சி டிரைவ் இங்கே டி என்றோ இ என்றோ வரலாம். ஒவ்வொரு எழுத்திலும், உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் டிர் கட்டளை கொடுத்து விண்டோஸ், யூசர்ஸ் ஃபோல்டர்கள் எங்கே தெரிகின்றன என்று பார்த்துவிட்டுக் கட்டளையைத் தட்டுங்கள். எஸ்எஸ்டி பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் முதலில் ரிக்கவரி கீ கொடுத்துத் திறக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். எஸ்எஸ்டி பழைய எம்பிஆர் முறையில் இருந்தால் இந்த வழி அப்படியே பொருந்தாது, டிஸ்க் பட்டியலில் ஜிபிடி என்ற நெடுவரிசையில் நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிபேனில் ஆட்டோநியூக் கொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அது அந்த நேரத்தில் கண்ணில் பட்ட எல்லா டிஸ்கையும் அழிக்கும், செருகி மறந்த வெளி ஹார்ட் டிஸ்க் உட்பட. அதில் படங்கள் இருந்தால், அதன்மேல் எதையும் எழுதாமல் உடனே கழற்றி வையுங்கள். துடைப்பு பாதியில் நின்றிருந்தால் எட்டாத பகுதியிலிருந்து ஏதாவது தேறலாம், பூஜ்யம் எழுதிய இடத்திலிருந்து தேறாது.

முதல் ரீஸ்டார்ட்

கோப்புகள் காப்பியாகி, கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும். அப்போது மறுபடி முதல் பக்கமே வந்து "மொழியைத் தேர்ந்தெடு" என்று நின்றால், நிறுவல் தோற்றுவிட்டது என்று திரும்ப ஆரம்பிக்காதீர்கள். பென்டிரைவ் இன்னும் செருகியிருக்கிறது, பயாஸ் அதிலேயே மறுபடி பூட் ஆகியிருக்கிறது. ஆஃப் செய்து, பென்டிரைவைப் பிடுங்கி, ஆன் செய்யுங்கள். பிடுங்கியதும் "பூட் டிவைஸ் இல்லை" என்று வந்தால் பயாஸில் பூட் வரிசையில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" அல்லது உங்கள் லினக்ஸின் பெயரை முதலுக்குக் கொண்டுவாருங்கள். அப்படி ஒரு பெயரே அங்கு இல்லையென்றால் லெகசி முறையில் நிறுவியிருக்கிறீர்கள் என்று பொருள், பூட் மெனுவில் மொட்டைப் பெயரைத் தொட்ட விளைவு இதுதான். மறுபடி யூஈஎஃப்ஐ பெயரில் போய் நிறுவுங்கள்.

விண்டோஸ் 11 இணையம் கேட்டு நிற்கும், வைஃபை பட்டியலோ வெறுமையாக இருக்கும். முன்னால் எடுத்து வைத்த வைஃபை டிரைவர் இங்கேதான் உதவும். அதுவும் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குத் தருவது) போடுங்கள், பெரும்பாலும் டிரைவர் எதுவும் கேட்காமலே வேலை செய்யும்.

ப்ராடக்ட் கீ கேட்டால் "என்னிடம் இல்லை" என்பதைத் தேர்ந்தெடுத்துத் தாண்டலாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்களில் கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது, விண்டோஸ் 10-இலோ 11-இலோ டிஜிட்டல் உரிமமாகப் பதிவானவை மைக்ரோசாஃப்ட் சர்வரில் உங்கள் மதர்போர்டின் பெயரில் இருக்கின்றன. டிஸ்கைத் துடைத்தது இரண்டையும் தொடவில்லை. முன்பு இருந்த அதே எடிஷனை, ஹோம் என்றால் ஹோம், ப்ரோ என்றால் ப்ரோ, நிறுவி இணையத்தில் இணைத்ததும் அதுவாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனதும் செட்டிங்ஸில் ஒருமுறை பார்த்துக்கொண்டு, செக்யூர் பூட்டை அணைத்திருந்தால் திரும்பப் போட்டுவிடுங்கள்.